இஸ்திரிப் பலகைக்குள் விசிறி எதற்கு?

காலையில் அவசரமாகத் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் மாட்டிக்கொண்டு கிளம்பிய பருத்திச் சட்டை, பைக்கை விட்டு இறங்கும்போதே முதுகில் வரிவரியாக மடிந்திருக்கும். முந்தின நாள் இரவே தேய்த்து ஹேங்கரில் தொங்கவிட்ட சட்டைக்கு அவ்வளவு சீக்கிரம் அந்தக் கதி வராது. துணி ஒன்றுதான், அயர்ன் பாக்ஸ் ஒன்றுதான், தேய்த்த கையும் ஒன்றுதான். ஒரு சட்டைக்கு ஆறிக் காய நேரம் கிடைத்தது, இன்னொன்றுக்குக் கிடைக்கவில்லை.

இரவு முழுக்க எடுத்துக்கொள்ளும் அந்த ஆறுதலைச் சில விநாடிகளில் முடிக்கத்தான் ஒரு வகை அயர்னிங் போர்டுக்குள் விசிறியை வைத்தார்கள். வெளியே பார்த்தால் அது சாதாரண போர்டு போலத்தான் தெரியும். ஒரு முனை கூம்பிய நீளப் பலகை, மடக்குக் கால்கள், மேலே ஒரு துணி உறை. குனிந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பலகை ஒற்றைத் தகடாக இருக்காது. உள்ளே கூடாக உள்ள பெட்டி போலத் தடித்திருக்கும். அடியில் காற்று வெளியேற ஒரு திறப்பு. ஓரத்தில் தண்ணீர்த் தொட்டியும் அதை ஒட்டி ஒரு சின்ன பாய்லரும். அங்கிருந்து அயர்ன் பாக்ஸுக்கு ஒரு குழாய். சுவிட்சர்லாந்தில் 1980இல் தொடங்கப்பட்ட லாராஸ்டார், ஜெர்மனியின் மீலே போன்ற நிறுவனங்கள் வீட்டுக்கென்றே இப்படிப்பட்ட போர்டுகளைச் செய்து விற்றிருக்கின்றன. விலையைக் கேட்டால் முதலில் சிரிப்புத்தான் வரும். ‘துணி தேய்க்கும் பலகைக்கு இவ்வளவா?’ என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல, தேய்க்கும்போது துணிக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சுருக்கம் எங்கே ஒளிந்திருக்கிறது

பருத்தி நூல் செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனது. மிக நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் அக்கம்பக்கமாகப் படுத்திருக்கும். ஒரு சங்கிலிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஹைட்ரஜன் பிணைப்பு என்ற மெல்லிய பிடிப்பு இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் அது பலவீனமானதுதான். ஆனால் எண்ணிக்கை ஏராளம் என்பதால் எல்லாம் சேர்ந்து துணிக்கு ஒரு உருவத்தைக் கொடுக்கின்றன.

துணி மடிந்தபடி கிடந்தால் சங்கிலிகள் கொஞ்சம் நகரும். பழைய பிடிப்பு விட்டுப்போய், நகர்ந்த இடத்தில் புதிய பிடிப்பு உண்டாகும். அதுதான் சுருக்கம். வேர்வை பட்டால் இது இன்னும் வேகமாக நடக்கும், ஏனென்றால் அந்தப் பிடிப்பைத் தளர்த்துவதே தண்ணீர்தான். பேருந்து சீட்டில் ஒரு மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரின் முதுகைப் பார்த்தால் புரியும். உடம்புச் சூடு, வேர்வை ஈரம், சீட்டின் அழுத்தம் மூன்றும் சேர்ந்து சட்டையைத் தேய்த்திருக்கும். என்ன, நமக்கு வேண்டாத வடிவத்தில் தேய்த்திருக்கும்.

ஈரத் தலையைப் பின்னிப் போட்டுத் தூங்கி, காலையில் அவிழ்த்தால் கூந்தல் அலை அலையாக நிற்கிறதே, அதுவும் இதே கதைதான். முடியில் இருப்பது கெரட்டின், பருத்தியில் இருப்பது செல்லுலோஸ். ஆனால் ஈரத்தில் தளர்ந்து, காயும்போது இருக்கும் வடிவத்தையே பிடித்துக்கொள்ளும் குணம் இரண்டுக்கும் உண்டு. பின்னலை ஈரம் காய்வதற்கு முன்பே அவிழ்த்துவிட்டால் அலை நிற்காது.

ஆகவே தேய்ப்பதில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஈரமும் சூடும் சேர்ந்து பழைய வடிவத்தை மறக்கவைப்பது முதல் கட்டம். தட்டையாகப் பிடித்துவைத்த நிலையிலேயே காயவும் ஆறவும் விட்டு, புதிய வடிவத்தை நிலைக்கவைப்பது இரண்டாவது. அயர்ன் பாக்ஸ் விளம்பரங்கள் எல்லாம் முதல் கட்டத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. எவ்வளவு வாட், எத்தனை துளை, அடித்தகட்டில் என்ன பூச்சு என்று. இரண்டாவது கட்டம் பலகையின் பொறுப்பு. அதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

பாலியஸ்டருக்குக் கணக்கு சற்று வேறு. அது தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. 70, 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இளகத் தொடங்கும். ஆறியதும் அப்போதிருந்த வடிவத்தில் இறுகிவிடும். அங்கே முக்கியம் காய்வதல்ல, ஆறுவது. இன்று கடையில் வாங்கும் சட்டைகளில் பாதிக்கு மேல் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்தவை போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. அவற்றுக்குக் காய்வதும் வேண்டும், ஆறுவதும் வேண்டும். காற்று இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும்.

நீராவி போன பிறகு

வெறும் சூட்டு இஸ்திரியைவிட நீராவி இஸ்திரி ஏன் நன்றாகத் தேய்க்கிறது? ஈரம் தருவதால் என்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதி சூட்டைப் பற்றியது. ஒரு கிராம் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகச் சுமார் 315 ஜூல் போதும். கொதிக்கும் அந்தத் தண்ணீரை நீராவியாக மாற்ற இன்னும் 2,260 ஜூல் வேண்டும். அந்த ஆற்றல் எங்கும் தொலைந்துபோவதில்லை. துணியின் இழைகளுக்கு இடையே புகுந்த நீராவி அங்கே குளிர்ந்து மறுபடி நீராகும்போது, 2,260 ஜூலையும் அந்த இடத்திலேயே இறக்கிவிடும். தகட்டின் சூடு மேற்பரப்பிலிருந்து மெதுவாகத்தான் உள்ளே இறங்க வேண்டும். நீராவியோ உள்ளே போய்ச் சூட்டை இறக்குகிறது. தடித்த ஜீன்ஸ் மடிப்பு நீராவியில் சட்டென்று மசிவது இதனால்தான்.

சரி, இறக்கிவிட்டு நீராக மாறியதே, அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

மேசையில் போர்வையை நாலாக மடித்துப் போட்டுத் தேய்க்கும் வீடுகளில் அது போர்வைக்குள் போகிறது. பஞ்சு வைத்த சாதாரண போர்டில் பஞ்சுக்குள் போகிறது. நாலு சட்டை தேய்த்ததும் உறையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாகப் பிசுபிசுக்கும். ஐந்தாவது சட்டையை அந்த ஈரத்தின் மேல்தான் விரிக்கிறீர்கள். மேலிருந்து அயர்ன் பாக்ஸ் ஒரு பக்கத்தைக் காயவைக்கும்போது, கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும் சட்டையைத் தூக்கி மாட்டினால் அரை மணியில் காலர் ஓரம் நெளியும். துணியை நாம் தூக்கியபோது இரண்டாவது கட்டம் முடிந்திருக்கவில்லை.

கம்பி வலை போட்ட போர்டுகள் இந்த விஷயத்தில் மரப்பலகையைவிட மேல். நீராவி கீழே இறங்கிப்போக வழி இருக்கிறது. ஆனால் தானாக இறங்கும் வேகம்தான். விசிறி வைப்பதற்குக் காரணம் அதுதான்.

உறிஞ்சல்

துணி உறைக்குக் கீழே காற்றுப் புகும் வகையில் ஒரு மெத்தை, அதற்குக் கீழே துளையிட்ட உலோகத் தகடு, அதற்கும் கீழே கூடான அறை. அறையில் உள்ள விசிறி காற்றைக் கீழ்நோக்கி இழுத்து அடித்திறப்பு வழியாக வெளியே தள்ளும். போர்டின் மேல் விரித்த துணி வழியாக அறைக் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும்.

அதனால் முதலில் கிடைப்பது பிடிப்பு. துணி போர்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் தேய்க்க வேண்டியதில்லை. வழவழப்பான பட்டோ ரேயானோ சரிந்து ஓடாது. உறிஞ்சல் வேலை செய்கிறதா என்று தெரிய ஒரு டிஷ்யூ தாளைப் போர்டின் மேல் போட்டு விசிறியைப் போட்டால் போதும். தாள் படிந்து, கீழே இருக்கும் மெத்தையின் அமைப்பு அதில் தெரியும்.

அடுத்து, நீராவி துணியைத் துளைத்துக்கொண்டு போகும். சாதாரண போர்டில் மேலே விட்ட நீராவியில் ஒரு பங்கு பக்கவாட்டில் நம் முகத்துக்கு வந்துவிடும். கீழே இழுப்பு இருந்தால் அது நூல்களுக்கு இடையே புகுந்து அடிப்பக்கம்வரை போகும். சட்டையின் ஒரு பக்கத்தைத் தேய்த்தாலே இரண்டு பக்கமும் தேய்த்த மாதிரி ஆவது இப்படித்தான்.

கடைசிப் பலன்தான் பெரியது. நீராவியை நிறுத்திவிட்டு அயர்ன் பாக்ஸை ஒதுக்கி, இரண்டு மூன்று விநாடி உறிஞ்சலை மட்டும் ஓடவிட்டால், காற்று துணியின் ஈரத்தையும் சூட்டையும் கையோடு கொண்டுபோய்விடும். துணி தட்டையாக ஒட்டியிருக்கும் அந்த நிலையிலேயே காய்ந்து ஆறிவிடும். கால்சட்டையின் முன்மடிப்பு கத்திமுனையாக நிற்க வேண்டுமா? அழுத்தித் தேய்ப்பதைவிட, நீராவி விட்டபின் இந்த இரண்டு விநாடி கையை எடுத்துக்கொண்டு பொறுத்திருப்பதுதான் பலன் தரும்.

சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருக்கிறதே, அது எப்படி ஈரத்தைக் காயவைக்கும் என்று கேட்கலாம். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை எடுத்துக்கொள்வோம். அதே காற்று 45 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 35 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தண்ணீரின் அளவு குறையவில்லை. சூடான காற்றின் கொள்ளளவு கூடிவிட்டது. இப்போதுதான் தேய்த்த சூடான துணிக்குள் புகும் காற்று அங்கேயே சூடாகி, ஈரத்தை வாங்கிக்கொள்ளத் தயாராகிவிடும். பல போர்டுகளில் துளைத்தகட்டையே இலேசாகச் சூடாக்கும் ஒரு கம்பிச்சுருள் இருப்பதற்கும் இது ஒரு காரணம். குளிர்ந்த தகட்டில் நீராவி பட்டால் முத்து முத்தாக வேர்த்துவிடும். அந்த நீர் உறையில் ஊறி, மறுபடி துணிக்கே வரும். தகடு வெதுவெதுப்பாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். பெரிய போர்டின் நடுவில் குழந்தையின் சின்னச் சட்டையை மட்டும் விரித்தால், மூடாத பகுதி வழியாகவே காற்று இறங்கிவிடும். சட்டைக்குப் பிடிப்பு கிடைக்காது. மிச்ச இடத்தில் இன்னொரு துணியைப் போட்டு மூடினால் இழுப்பு திரும்ப வரும்.

ஊதல்

சில போர்டுகளில் விசிறியை எதிர்த்திசையிலும் ஓடவிடலாம். அப்போது காற்று கீழிருந்து மேலே வரும். துணி போர்டிலிருந்து ஒரு நூல் அளவு எழும்பி, காற்றின் மேல் மிதக்கும்.

எதற்கு? அழுத்தமே ஆகாத துணிகளுக்கு. கறுப்புப் பேன்ட்டைத் தேய்க்கும்போது உள்பக்கத் தையல் ஓரம் வெளிப்பக்கம் கோடாகப் பதிந்து பளபளப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழே கெட்டியான பலகை, மேலே கெட்டியான தகடு, நடுவில் மாட்டிக்கொண்ட தையல் எங்கே போகும்? காற்று மெத்தையின் மேல் துணி இருந்தால் தையல் கீழ்நோக்கி அமுங்க இடமிருக்கும், தழும்பு விழாது. வெல்வெட் ரவிக்கைக்கும் இதுதான் சரி. வெல்வெட்டின் அழகே நிமிர்ந்து நிற்கும் மயிரில்தான். அதை அழுத்தினால் படிந்துவிடும், பிறகு அதை எழுப்புவது பெரும்பாடு. ஊதலைப் போட்டு, அயர்ன் பாக்ஸைத் தொடாமல் ஒரு விரல் உயரத்தில் பிடித்து நீராவியை மட்டும் விட்டால் சுருக்கம் தானாக விலகும். கொசுவம் வைத்துத் தைத்த பாவாடைகளுக்கும், மடிப்பு மடிப்பாக இருக்கும் துப்பட்டாக்களுக்கும் இப்படித்தான்.

உறிஞ்சல் மட்டும் உள்ள போர்டு விலை குறைவாகக் கிடைத்தால் அதையே எடுக்கலாம் என்பது என் கணக்கு. ஊதல் நல்ல வசதிதான். ஆனால் வாரத்துக்கு எத்தனை வெல்வெட் தேய்க்கப்போகிறோம்?

பாய்லர்

சாதாரண ஸ்டீம் அயர்னில் பெட்டிக்குள்ளேயே தண்ணீர் இருக்கும். அது சூடான அறைக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்து ஆவியாகும். சூட்டைக் குறைத்துவைத்தால் சொட்டு முழுசாக ஆவியாகாமல் துளை வழியாகத் தண்ணீராகவே துப்பும். வெளிர்நிறப் பட்டில் அப்படி ஒரு சொட்டு விழுந்தால் வட்டமாகக் கறை நிற்கும்.

பாய்லர் வைத்த வகையில் நீராவி தனியே தயாராகிறது. மூடிய பாத்திரத்தில் அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. வெளிக்காற்றைவிட 3.5 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு, வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார்) கூடுதல் அழுத்தத்தில் கொதிநிலை சுமார் 148 டிகிரிக்கு உயர்ந்துவிடும். பிரஷர் குக்கர் செய்வதைத்தான் இதுவும் செய்கிறது, கூடுதல் அழுத்தத்தில். அங்கிருந்து குழாய் வழியாக வரும் நீராவியில் நீர்த்துளி மிகக் குறைவு. தண்ணீர்ச் சுமை பாய்லரில் இருப்பதால் கையில் பிடிக்கும் பெட்டியும் இலகுவாகிறது.

கடையில் ‘7 பார்’, ‘8 பார்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். சில கருவிகளில் பாய்லரே இருக்காது. பச்சைத் தண்ணீரை ஒரு சின்ன சூடேற்றிக்குள் தள்ளும் பம்ப் மட்டும் இருக்கும். அப்போது அந்த எண் பம்பினுடைய அழுத்தம். எந்த வகையானாலும் துளையை விட்டு வெளியே வந்த நொடியில் நீராவி வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு வந்துவிடும். பார்க்க வேண்டிய எண் வேறு: நிமிடத்துக்கு எத்தனை கிராம் நீராவி, அதுவும் தொடர்ச்சியாக. நிமிடத்துக்கு 30 கிராம் என்றால் அதற்கு மட்டுமே ஏறக்குறைய 1,300 வாட் வேண்டும் என்பது மேலே சொன்ன ஜூல் கணக்கிலிருந்தே வரும். ஆகவே 1,000 வாட் கருவி ஒன்று தொடர்ந்து 50 கிராம் தருவேன் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

பலகையைப் பற்றி யோசித்தவர்கள்

அமெரிக்காவில் ஹென்றி சீலி மின்சார இஸ்திரிப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கியது 1882இல். பத்து வருஷம் கழித்து, 1892 ஏப்ரல் 26 அன்று, சாரா பூன் என்ற தையற்காரப் பெண்மணிக்கு அயர்னிங் போர்டின் புதிய வடிவத்துக்காகக் காப்புரிமை கிடைத்தது. வட கரோலினாவில் அடிமைத்தனத்தில் பிறந்து, பின்னர் கனெக்டிகட்டின் நியூ ஹேவன் நகரில் குடியேறிய கறுப்பினப் பெண் அவர். பெண்களின் இறுக்கமான ரவிக்கைக் கையையும் இடுப்புத் தையலையும் தட்டைப் பலகையில் தேய்த்தால் ஒரு பக்கச் சுருக்கத்தை எடுக்கும்போது மறுபக்கத்தில் புதிதாக விழும். அவர் பலகையைக் குறுக்கி, வளைத்து, கைப்பகுதிக்குள் நுழையும்படி செய்தார். பெட்டியை விட்டுவிட்டுப் பலகையில் கைவைத்தவர் என்பதாலேயே எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

காற்று வந்தது ஆலைகள் வழியாக. திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் அயர்னிங் செக்‌ஷனைப் பார்த்தவர்களுக்கு வேக்குவம் டேபிள் புதிதல்ல. ஒரு பெரிய பாய்லரிலிருந்து குழாய்கள் வரிசையாக ஓடும். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு ஸ்டீம் அயர்ன், காலடியில் ஒரு பெடல். டி-ஷர்ட்டை மேசையில் போட்டு, அளவுக்கு ஏற்றபடி கையால் நீவிவிட்டு, மேலே நீராவியைக் காட்டுவார்கள். பெடலை மிதித்ததும் உஸ்ஸென்று காற்று இறங்கும். துணி அப்படியே படிந்து ஆறும். எடுத்து மடித்தால் அடுத்தது. அங்கே பெட்டியை இழுத்துத் தேய்ப்பது குறைவு. பின்னலாடை இழுத்த பக்கம் நீளும் துணி. இழுத்துத் தேய்த்தால் மார்பளவு ஒரு பக்கமும் உயரம் ஒரு பக்கமும் போய்விடும். அட்டைப் பெட்டிக்குள் போய் கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்ய வேண்டிய ஆடை, ஈரத்தோடு மடிக்கப்பட்டால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டு போர்டு அந்த மேசையின் சின்ன வடிவம்தான்.

ஒரு சட்டை, கையோடு

காலரில் தொடங்குவோம். உள்பக்கம் மேலே தெரியும்படி விரித்து, உறிஞ்சலைப் போட்டு, இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி நீராவியோடு போக வேண்டும். நடுவிலிருந்து முனைக்குப் போனால் மிச்சத் துணி முனையில் குவிந்து குட்டிச் சுருக்கம் விழும். பிறகு போர்டின் கூம்பிய முனையில் தோள்பட்டையை மாட்டி ஒரு தடவை. கையைத் தையலோடு தையல் சேர்த்துப் படுக்கவைத்து, நீராவி விட்டு, பெட்டியை எடுத்துவிட்டு இரண்டு விநாடி நிறுத்தம். பட்டன் பட்டியை உள்பக்கமாகத் தேய்க்கலாம். பட்டன்கள் மெத்தையில் அமுங்கிக்கொள்ளும், இழுப்பு பட்டியைப் பிடித்துக்கொள்ளும். முதுகுக்குப் போர்டின் அகலம் முழுவதும் பயன்படும். இங்கேதான் வேகம் தெரியும். சாதாரண போர்டில் முன்னும் பின்னுமாக எட்டு, பத்து இழுப்பு வேண்டியது இங்கே நிதானமாக இரண்டு, மூன்றில் முடிந்துவிடும்.

வேகமாகத் தேய்ப்பவர்களுக்கு முதலில் இந்த நிதானம் பிடிபடாது. பழக்கதோஷத்தில் பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். நீராவிக்கு உள்ளே புக ஒரு கணம் தேவை. பெட்டி மெதுவாகப் போகட்டும், திரும்பி வரும்போது நீராவி வேண்டாம், வெறும் சூடு போதும்.

சூட்டின் அளவுக்குத் துணியின் லேபிளில் உள்ள புள்ளிகள்தான் வழி. ஒரு புள்ளி என்றால் அதிகபட்சம் 110 டிகிரி, இரண்டுக்கு 150, மூன்றுக்கு 200. விசிறி இருக்கிறது என்பதற்காக இந்த வரம்பு மாறாது.

பட்டுப் புடவைக்கு ஜரிகை உள்ள இடத்தில் நேரடி நீராவி வேண்டாம். மேலே மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றைப் போட்டு, குறைந்த சூட்டில், உறிஞ்சலோடு ஒத்தி ஒத்தி எடுத்தால் போதும். ஐந்தரை மீட்டர் புடவையை நீளவாக்கில் நாலாக மடித்தால் போர்டின் அகலத்துக்குள் அடங்கும். ஆனால் நாலு அடுக்கு வழியே காற்று இறங்குவது கஷ்டம். இரண்டாக மடித்துப் பாதிப் பாதியாக நகர்த்துவது நல்லது. தேய்த்த பகுதி தரையில் விழாமல் நாற்காலி ஒன்றைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கஞ்சி போட்ட வேட்டிக்கும் காட்டன் புடவைக்கும் இந்தப் போர்டை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கஞ்சித் துணிக்கு வேண்டியது நல்ல ஈரம், நல்ல சூடு, நல்ல கனம். தெருமுனை இஸ்திரி வண்டியில் இருக்கும் ஐந்து கிலோவுக்கு மேல் எடையுள்ள கரிப்பெட்டி அதைச் செய்வதுபோல வீட்டுக் கருவி எதுவும் செய்யாது. போதாததற்குக் கஞ்சி உறையில் ஏறி, காற்று போகும் வழியை அடைக்கும். அந்தத் துணிகளை வழக்கமாகத் தேய்த்துத் தருகிற அண்ணனிடமே கொடுத்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன்னால்

முதலில் சுவரைப் பாருங்கள். 2,200 வாட் கருவி 230 வோல்ட்டில் ஒன்பதரை ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக் தாங்காது. 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும், எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும். நம் வீடுகளில் அந்தப் பெரிய சாக்கெட் கீஸருக்கும் ஏ.சி.க்கும் வாஷிங் மெஷினுக்கும் மட்டும்தான் இருக்கும். ஆகவே போர்டை எங்கே நிறுத்துவோம் என்பதைச் சாக்கெட்தான் முடிவு செய்யும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவது ஆபத்து. கரன்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்ற எண்ணமும் வேண்டாம். மின்செலவு பயப்படும்படி இல்லை. அரை மணி நேரம் முழுமூச்சாக ஓடினாலும் 1.1 யூனிட்தான், இடையிடையே தெர்மோஸ்டாட் அணைப்பதால் அதைவிடக் குறையவே வாய்ப்பு.

இந்தப் போர்டுகள் கனமானவை. மடித்து பீரோவுக்குப் பின்னால் செருகிவிடலாம் என்று நினைத்தால் முடியாது. சக்கரம் இருக்கிறதா, நிற்கவைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விசிறி ஓடும் சத்தமும் இருக்கும். பக்கத்து அறையில் குழந்தை தூங்கினால் யோசிக்க வேண்டிய அளவு. ரிப்பேர் வந்தால் ஊரில் பார்க்க ஆள் உண்டா என்பதை விலைக்கு முன்பே கேளுங்கள். பாய்லரின் வால்வும் ரப்பர் வளையமும் கிடைக்காமல் போனால் மொத்தக் கருவியும் முடங்கிவிடும்.

வாரத்துக்கு நாலைந்து சட்டை மட்டும் தேய்க்கும் வீட்டுக்கு இது தேவையில்லை. கம்பி வலை போர்டு ஒன்று, நல்ல ஸ்டீம் அயர்ன் ஒன்று, பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் போதும். தேய்த்த சட்டையை ஹேங்கரில் மாட்டி ஐந்து நிமிடம் ஃபேன் காற்றில் விட்டால் இரண்டாவது கட்டத்தின் பெரும்பகுதி நடந்துவிடும். வீட்டிலேயே தையல் வேலை செய்பவர்கள், ஆன்லைனில் ஆடை விற்பவர்கள், நாலு பேர் ஆபீஸ் போகும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இருபது உருப்படி தேய்ப்பவர்கள் ஆகியோருக்கு விசிறி வைத்த போர்டு உழைப்பை மிச்சப்படுத்தும்.

கடைசியாகத் தண்ணீர். இந்த வகைக் கருவிகள் நம் ஊரில் சீக்கிரம் சாவது பெரும்பாலும் இதனால்தான். பாய்லரிலிருந்து வெளியே போவது சுத்தமான நீராவி மட்டும். கரைந்திருந்த உப்பெல்லாம் உள்ளேயே தங்கும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு உள்ள போர்த் தண்ணீரை ஊற்றினால், ஒவ்வொரு லிட்டருக்கும் அரை கிராம் உள்ளே சேரும். நிமிடத்துக்கு 30 கிராம் வீதம் ஒரு லிட்டர் அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாக வரும். வாரம் ஒரு முறை தேய்த்தாலே வருஷத்தில் 26 கிராம். அதில் கால்சியம் உப்புகள் சூட்டில் கல்லாகப் படியும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பார்க்கிறோமே அதே வெள்ளைப் படிவு. சூடேற்றியின் மேல் அது படிந்தால் கொதிக்க நேரமாகும், துகள்கள் உதிர்ந்து வெள்ளைச் சட்டையில் புள்ளி வைக்கும். கருவியோடு வரும் கையேட்டில் எந்தத் தண்ணீர் என்று எழுதியிருப்பார்கள், அதன்படியே போங்கள். பொதுவாக ஆர்.ஓ. தண்ணீர் போர்த் தண்ணீரைவிடப் பல மடங்கு நல்லது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றச் சிலர் யோசனை சொல்வார்கள். உப்பு இல்லைதான், ஆனால் ஏ.சி.க்குள் இருக்கும் தூசியும் பாசியும் அதோடு வரும். வாசனைத் தண்ணீரும் வேண்டாம்.

பாய்லரை அலச வேண்டுமானால் முழுக்க ஆறிய பிறகுதான் மூடியைத் தொட வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீரும் நீராவியும் முகத்தில் பாயும். பிளக்கைப் பிடுங்கிச் சில மணி நேரம் விட்டு, அடி மூடியைத் திறந்து, ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டினால் மணல் மாதிரி வெள்ளைத் துகள் வரும். தண்ணீர் தெளியும்வரை அப்படியே இரண்டு மூன்று தடவை. தேய்த்து முடித்த ஒவ்வொரு முறையும் நீராவியை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். உறையும் மெத்தையும் காய்ந்துவிடும், மழைக்காலத்தில் பூஞ்சை வாடை பிடிக்காது. உறையை அவ்வப்போது கழற்றித் துவைத்துப் போடலாம். துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரியான திரவம் எதுவும் ஊற்ற வேண்டாம், அது நூலில் படிந்து காற்றுப் போகும் வழியைக் குறைக்கும்.